அட்டிக்கில் வௌவால்: ரொறன்ரோ வீட்டுக்காரரின் கேள்விகளும் என் பதில்களும்

கூரை வேலைக்கென்று ஏணி ஏறத் தொடங்கி, அட்டிக்கில், அதாவது கூரைக்கும் மேல்மாடிக்கும் இடையிலுள்ள வெளியில், புகுந்த வௌவாலை வெளியேற்றுவதே முழுநேர வேலையாகிப் போனவன் நான். இந்த ஜூனில் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, அட்டிக்கில் இருபது வௌவாலாவது இருக்கும். பொழுதுபட எல்லாம் வெளியே போனதும் ஓட்டையை அடைத்துவிட்டால் சரிதானே? (ஸ்காபரோ)

வேண்டாம் தம்பி. வெளியே போவது தாய்கள் மட்டும். ஜூனில் அட்டிக்கில் கூடியிருப்பவை பெரும்பாலும் பிள்ளைத்தாய்ச்சிகளும் குட்டி போட்டவையும்தான். குட்டி பறக்க மூன்று நான்கு கிழமையாவது ஆகும். நீங்கள் அடைத்தால் குட்டிகள் உள்ளே பட்டினியில் சாகும், தாய்கள் வேறு வழி தேடிச் சுவருக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் வரும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜூலை மாதம் நானே இந்தப் பிழையைச் செய்தேன். நாலாம் நாள் அந்த வீட்டுக்காரி எடுத்த தொலைபேசி இன்னும் காதில் நிற்கிறது. நாற்றம் போக இன்சுலேஷனை, அதாவது குளிர் தடுக்க அட்டிக்கில் பரப்பியிருந்ததை, பிடுங்கி எறிய வேண்டி வந்தது, என் செலவில்.

ஆகஸ்ட் நடுப்பகுதிவரை பொறுங்கள்.

அப்படியானால் எப்போது, எப்படி? ஆள் பிடிக்காமல் நானே செய்யலாமா? (அஜாக்ஸ்)

ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் முடியும்வரை நல்ல காலம். குட்டிகள் பறக்கத் தொடங்கியிருக்கும், குளிர்த் தூக்கம் இன்னும் தொடங்கியிராது.

முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள். பொழுதுபடும் நேரம் வீட்டின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர் கதிரை போட்டு உட்கார்ந்து, எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். சொஃபிட் (கூரை விளிம்பின் அடிப்பலகை) மூலை, புகைக்கூண்டைச் சுற்றிய தகடு, முகட்டுக் காற்றுத் துவாரம் என்று இடம் அநேகமாக இவற்றில் ஒன்றாகவே இருக்கும். பகலில் பார்த்தால் ஓட்டைக்குக் கீழே சுவரில் எண்ணெய்க் கறையும் புழுக்கையும் தெரியும். சந்தேகமென்றால் புழுக்கையைக் கையுறையோடு நசுக்கிப் பாருங்கள்: வௌவாலுடையது பூச்சி இறகுத் துணுக்குகளாக உதிரும், எலியுடையது உதிராது. சின்னவிரல் நுழையும் இடைவெளியே வௌவாலுக்குப் போதும்.

பிறகு, அவை புழங்கும் வாசலை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா இடைவெளியையும் அடையுங்கள். நான் பார்த்த தோல்விகளில் பாதி இந்த இடத்தில்தான். பெரிய ஓட்டையைக் கவனித்துவிட்டு, மறுபக்கத்துச் சின்னதை விட்டுவிடுவார்கள்.

மிஞ்சிய வாசலில் ஒருவழிப் பாதை வைக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் வலையை வாசலின் மேலும் இரு பக்கமும் ஒட்டி, அடிப்பக்கத்தைத் திறந்தபடி அரை மீற்றருக்கு மேல் கீழே தொங்க விடுங்கள். வௌவால் உள்ளிருந்து வழுக்கி இறங்கிப் பறந்துவிடும். திரும்பி வரும்போது பழைய வாசல் மணத்தைத் தேடி வலையின் மேற்பகுதியில் மோதி அலையுமே தவிர, அடியால் நுழையத் தெரியாது. வலைக்கண் பெரிதாக இருந்தால் சிக்கிச் சாகும், ஆகவே கொசுவலை அளவுக்குப் பொடிக் கண்ணாக எடுங்கள். நல்ல சூடான இரவுகள் ஏழு போகட்டும். குளிர்ந்த, மழை இரவுகளில் அவை வெளிக்கிடாது, அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன்பின் வலையைக் கழற்றி வாசலையும் அடைத்துவிடலாம்.

இரண்டு மாடி வீடென்றால் ஆளைப் பிடியுங்கள். ஏணியிலிருந்து விழுந்தால் வௌவால் வேலையைவிட அதிகம் செலவாகும்.

மருந்து அடித்தால், நப்தலீன் உருண்டை போட்டால் ஓடாதா? (பிரம்ரன்)

ஓடாது. உருண்டையின் நெடி உங்கள் பிள்ளைகளின் மூக்குக்குத்தான் வரும். சத்தம் போடும் கருவிகளிலும் எனக்கு நம்பிக்கையில்லை, கருவிக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். நஞ்சு வைப்பது குற்றம். ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வௌவால்கள் சிறப்புப் பாதுகாப்புப் பெற்றவை. அதற்கு மேல், வெள்ளைமூக்கு நோய் என்ற பூஞ்சை நோயால் குகைகளில் கூட்டம் கூட்டமாகச் செத்ததில், சிறு பழுப்பு வௌவால் உட்பட மூன்று இனங்களை 2014இல் கனடா அரசு அருகிவரும் இனங்களாக அறிவித்தது. உங்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பெரும் பழுப்பு வௌவாலாக இருக்கும். ஆனால் எது என்று நிச்சயமில்லாவிட்டால் மாகாண அரசிடம் கேட்டுவிட்டே கை வையுங்கள்.

விடியற்காலை மகளின் அறைக்குள் ஒன்று பறந்தது. இவர் ஜன்னலால் துரத்திவிட்டார். பிள்ளையில் கடிகாயம் எதுவும் இல்லை. பயப்பட வேண்டுமா? (மார்க்கம்)

அக்கா, இதை வாசித்தவுடன் யோர்க் பிராந்தியப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அழையுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். வௌவாலின் பல் ஊசிபோல, கடித்த தடம் தெரியாமலே போகலாம், தூங்கும் பிள்ளைக்கு உணரவும் மாட்டாது. 2024இல் ஒன்ராறியோவில் ஒரு பிள்ளை இப்படித்தான் வௌவால் பட்டு ரேபிஸ் வந்து இறந்தது. அந்தப் பிள்ளையிலும் கடிகாயம் எதுவும் கண்ணில் படவில்லை. அறிகுறி வந்தபின் காப்பாற்ற வழியில்லை, ஆனால் முன்னதாக ஊசி போட்டால் தடுக்கலாம். வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் சொல்வார்கள்.

அடுத்தமுறை துரத்தாதீர்கள். கதவைச் சாத்தி, தடித்த கையுறை போட்டு, டப்பாவால் மூடி, அட்டையைக் கீழே செருகிப் பிடித்து வையுங்கள். தலையை நசுக்க வேண்டாம், ரேபிஸ் பரிசோதனைக்கு அதன் மூளை தேவை.

அட்டிக்கில் புழுக்கை குவிந்திருக்கிறது. வாக்கூம் போட்டு இழுக்கலாமா? (மிசிசாகா)

வீட்டு வாக்கூம் வேண்டவே வேண்டாம், தூசியைத் திருப்பி ஊதும். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். என்95 முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து அள்ளிப் பையில் கட்டுங்கள். 1990க்கு முன் கட்டிய வீடா? இன்சுலேஷன் கூழாங்கல்போல, மின்னும் பழுப்புத் துண்டுகளாக இருந்தால் தொடவே வேண்டாம். அது வேர்மிகியூலைட், அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். முதலில் பரிசோதியுங்கள்.

வீட்டுக்குள் வௌவால் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று மாமி சொல்கிறா. (ஸ்காபரோ)

மாமியோடு நான் வாதிட மாட்டேன். ஆனால் உங்கள் சொஃபிட் பலகை உக்கிப்போய்விட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

துரத்திய பிறகு அவை எங்கே போகும்? பாவமாக இருக்கிறது. (பிக்கரிங்)

வேறு கூரைக்கோ பழைய மரத்துக்கோ போகும். கோடைக்கு முன்னமே கொல்லையில் வெயில் படும் கம்பத்தில், நாலு மீற்றர் உயரத்தில் வௌவால் பெட்டி ஒன்று வைத்துப் பாருங்கள். உடனே குடிவராது, ஓரிரு வருடம் பிடிக்கும். மரத்தில் ஆணியடிக்க வேண்டாம், கிளை மறைத்தால் அவை அந்தப் பக்கம் திரும்பியும் பாராது.