முதல் குழந்தைக்கு வீட்டைத் தயார் செய்யப் பத்தாயிரம் ரூபாய் போதுமா?

ஏழாம் மாதம் நடக்கிறது, வாடகை வீடு, பத்தாயிரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது, என்னென்ன வாங்கி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். எங்களுக்கு அதைவிடக் குறைவாகவே ஆனது. ஆனால் பொருள் பட்டியலோடு கடைக்குப் போகாதீர்கள். பிறந்த பிள்ளைக்கு வேண்டியது ரொம்பக் கொஞ்சம். பெற்றவளுக்கு வேண்டியதுதான் அதிகம், அதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

நம் பக்கம் முதல் பிரசவம் தாய்வீட்டில்தானே. வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துப் போய்விட்டால் கணவன் வீட்டில் தயார் செய்ய ஒன்றும் இருக்காது. நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் போக ஒரு வீடு இல்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். எங்களுக்கும் இல்லை. விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டோம், இரண்டு பக்கமும் பேச்சு நின்றது. அவ்வளவுதான் அந்தக் கதை. பரிதாபப்படச் சொல்லவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் மிஷின்) டைலர், அவர் கட்டிங் செக்‌ஷன். லைன் வீடு. ஒரே அறை, ஓரத்தில் சமையல் மேடை, மேலே சிமெண்ட் ஷீட். கழிப்பறை வெளியே, எல்லாக் குடித்தனத்துக்கும் பொது. பையன் பிறந்தது 2019 சித்திரையில். சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்பார்களே, எங்களுக்கு அதைச் சொல்லக்கூடப் பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. ஆனால் சித்திரையில் ஷீட் வீட்டுக்குள் பகல் பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று புரியும்.

அதனால் முதலில் செய்தது கூரை வேலைதான். ஷீட்டின் மேல் நீர்த்த சுண்ணாம்பை இரண்டு கோட்டிங் அடித்தார். உள்ளே கூரைக்குக் கீழே பழைய சேலைகளை இழுத்துக் கட்டினோம். சூடு குறைந்தது, மேலிருந்து விழும் தூசியும் பல்லி எச்சமும் நின்றது. அடுத்து எலிப் பொந்து. பால் வாசனைக்கு எலி வரும், எறும்பும் வரும். சுவர் ஓரத்தில் இருந்த ஓட்டைகளில் உடைந்த கண்ணாடித் துண்டைப் போட்டு சிமெண்ட் பூசி அடைத்தார். ஜன்னலுக்குக் கொசுவலைத் துணியை அளந்து வாங்கி, ஓரம் அடித்து, வெல்க்ரோ வைத்து நானே தைத்தேன்.

கொசு என்றதும் எல்லாரும் சாக்கடையைப் பார்ப்பார்கள். டெங்கு கொசு வளர்வது நாம் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரில், கடிப்பது பகலில். திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, குழாயில் தண்ணீர் தினமும் வராது, நீல டிரம்மில் பிடித்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை டிரம்மை முழுக்கக் காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அதன் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். வாய்க்குத் துணி கட்டி மூட வேண்டும். இதற்குச் செலவே இல்லை. பிள்ளைக்கு வலைக் குடை வாங்குமுன் இதைச் செய்யுங்கள்.

சரி, துணி. இது என் தொழில், கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். பெரிய கடைகளில் பிறந்த பிள்ளைக்கு என்று பெட்டியில் போட்டு விற்கும் செட்டைத் தொடவே தொடாதீர்கள். மூன்று மாதத்தில் சிறிதாகிவிடும். முதல் துணி பழைய துணியாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம், பலமுறை துவைத்த துணியில் சாயமும் கஞ்சியும் மிச்சமிருக்காது. நாலு முழ வேட்டி பழசு இரண்டு கிடைத்தால் அதைவிட நல்ல அணைத்துணி எந்தக் கடையிலும் கிடையாது. எங்களிடம் வேட்டி இல்லை, கட் பீஸ் இருந்தது. வெள்ளை இண்டர்லாக் துணி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் கெட்டிப் பின்னல், கிலோ கணக்கில் எடுத்து வந்தார். ஜப்லாவும் முக்கோணத் துணியும் அதில்தான். சிங்கிள் ஜெர்சி என்னும் மெல்லிய பின்னல் மலிவு, ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும், ஈரம் சீக்கிரம் ஊறி வெளியே வந்துவிடும். இண்டர்லாக்கோ, வரிவரியாக இழுபடும் ரிப்போ எடுங்கள்.

தையல் தெரியாவிட்டால் திருப்பூர் காதர்பேட்டைக்கோ உங்கள் ஊரில் செகண்ட்ஸ் விற்கும் கடைக்கோ போங்கள். ஏற்றுமதியில் கழித்த துணி என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், ஒரு தையல் விலகியிருக்கும், அளவு அரை இஞ்ச் மாறியிருக்கும், பிள்ளைக்கு அது தெரியப் போவதில்லை. பார்க்க வேண்டியது வேறு. நெஞ்சில் ரப்பர் பிரிண்ட் போட்டது வேண்டாம், வியர்த்தால் ஒட்டும். கழுத்து லேபிளை வெட்டி எடுங்கள். ஓவர்லாக் தையலில் பாலியஸ்டர் நூல் நுனி நீட்டிக்கொண்டிருக்கும், பிள்ளையின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டுங்கள். முதல் மாதம் ஜப்லாவை உள்வெளியாகப் போட்டாலும் தப்பில்லை, தையல் உடம்பில் உறுத்தாது. எலாஸ்டிக் வைத்ததைவிட நாடா கட்டுவது நல்லது. எல்லாவற்றையும் இரண்டு அலசு அலசி வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தால் இந்த வேலை முடிந்தது. மருந்துக் கடையில் ரப்பர் ஷீட் மீட்டர் கணக்கில் கொடுப்பார்கள், ஒரு மீட்டர் போதும்.

டயப்பர் எதற்கு, நாங்கள் எல்லாம் துணியில் வளரவில்லையா என்று சொல்கிற ஆள் நான் இல்லை. தடுப்பூசிக்குப் போகும்போதும், தூக்கமே இல்லாத ராத்திரிகளிலும் நானும் போட்டேன். ஒரு சின்னப் பாக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அணைத்துணி காய்ந்ததும் அப்பளமாகிவிடும். கடைசி அலசலுக்காவது ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள்.

தூளிக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் எனக்கு ஆறாது. கூரையில் இரும்பு பைப் ஓடுகிறது, அதில் கயிறு போட்டு ஒரு வாயில் சேலை கட்டினால் தூளி. காசே வேண்டாம். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, "தூளி எல்லாம் கட்டக்கூடாது அம்மணி, பைப்பு வளைஞ்சா மழைக்கு ஷீட்டு ஒழுகும்" என்றார். மூன்று கிலோ பிள்ளை! அந்தப் பைப்பின் மேல் ஏறி நின்றுதான் அவருடைய மகன் கேபிள் ஒயர் இழுத்தான். என்ன சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் எங்கள் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் அக்கா ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த தொட்டில் ஸ்டாண்டை எழுநூறு ரூபாய்க்குக் கொடுத்தார். வாங்குவதாக இருந்தால் பழசே வாங்குங்கள், ஆனால் கொக்கியும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், தரைக்குப் பக்கமாகக் கட்டுங்கள், கீழே மெத்தை போடுங்கள். தூளிக்குள் துணி முகத்தை மூடிக்கொள்ளும், அதனால் ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும்தான். ராத்திரி கட்டாந்தரைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தேன், தலையணை வைக்கவில்லை.

வீட்டுக்காரர்கள் பேச்சு வந்துவிட்டது, கரண்ட் கதையையும் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2016இலிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எங்கள் லைனில் ஒரே இணைப்பு, குடித்தனம் வாரியாக சப் மீட்டர். இலவசம் எங்களில் யாருக்கும் கண்ணில் படவில்லை. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கினார்கள். பையன் பிறந்த 2019இல் மின்வாரியம் 500 யூனிட்டுக்கு மேல் போனவர்களிடம் வாங்கிய உச்சக் கட்டணமே 6 ரூபாய் 60 காசு. பிள்ளை பிறந்த மாதம் ஃபேன் நிற்காமல் ஓடியது, பில்லைப் பார்த்துவிட்டு அவர் ஓவர் டைம் பார்க்கப் போனார். பச்சைப் பிள்ளைக்குக் காற்று வருவதற்கு அடுத்தவருக்கு லாபம் கொடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர்கள் படித்தால் கோபப்படுவீர்கள், பராமரிப்பு, வரி என்று கணக்குச் சொல்வீர்கள். தெரியும். வாடகை என்று ஒன்று அதற்குத்தானே வாங்குகிறீர்கள்?

விடுங்கள். பெற்றவளுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வந்தேன்.

நான் செலவழித்ததில் இன்றைக்கும் சரி என்று நினைக்கிற முதல் செலவு ஒரு பிளாஸ்டிக் கமோடு ஸ்டூல். தையல் போட்ட உடம்போடு பொதுக் கழிப்பறையில் குத்தவைத்து உட்காருவது என்ன என்பது அனுபவித்தவளுக்குத்தான் தெரியும். சிசேரியன் என்றாலும் அதே கஷ்டம். அறுநூறு ரூபாயோ என்னவோ. கொண்டுபோய் வைத்து, வேலை முடிந்ததும் கழுவி எடுத்து வந்துவிடுவேன். லைனில் சிரித்தார்கள். அடுத்த வருடம் சிரித்தவர்களில் ஒருத்தி அதை இரவல் கேட்டு வாங்கிப் போனாள்.

இரண்டாவது, கேஸ். வெந்நீர், பத்தியக் கஞ்சி, பிள்ளைக்குத் துணி வேகவைப்பது என்று அடுப்பு அணையாது. ஒற்றை சிலிண்டர் என்றால் பிரசவ தேதிக்கு முன்பே இரண்டாவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். பக்கெட்டில் ஹீட்டர் ராடு போடும் பழக்கம் இருந்தால் இந்த சமயத்தில் அதை மூட்டை கட்டி வையுங்கள், தூக்கக் கலக்கத்தில் கையை விட்டுவிடுவோம்.

மூன்றாவது, ஆள். என் செலவில் பெரிய பங்கு போனது இதற்குத்தான். லைனில் தேனிப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் இருந்தார், கண் பார்வை குறைந்ததால் செக்கிங் வேலையை விட்டவர். காலையில் இரண்டு மணி நேரம் வந்து எனக்குச் சமைத்து, பிள்ளையைத் துடைத்துக் கொடுக்க வேண்டும், நாற்பது நாளைக்கு நாலாயிரம் என்று பேசிக்கொண்டோம். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் செய்யக் காசா வாங்குவேன்" என்று முதலில் கோபித்துக்கொண்டார். நாங்கள்தான் விடவில்லை, சும்மா வரச் சொன்னால் ஒரு நாள் முடியாமல் போனாலும் கேட்க முடியாது. பூண்டுக் குழம்பும் பால் சுறாக் கருவாடும் அவர் கையால் சாப்பிட்டதை என் அம்மா கையால் சாப்பிட்டதாகத்தான் வைத்திருக்கிறேன். சாம்பிராணிப் புகையும், மூக்கில் எண்ணெய் விடுவதும் மட்டும் வேண்டாம் என்று செவிலியர் சொன்னதை அவரிடம் சொன்னேன், முகம் சுருங்கியது, ஆனால் விட்டுவிட்டார். தொப்புள் விழும்வரை அதன்மேல் மஞ்சள், சாம்பல், பவுடர் ஒன்றும் வைக்கவில்லை. காய்ந்து தானே விழுந்தது.

வருகிற பணத்தையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் தெரிந்து பன்னிரண்டு வாரத்துக்குள் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கியிருப்பீர்கள். இல்லையென்றால் நாளைக்கே போங்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்பார்கள். தமிழக அரசின் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டிகளாக வரும், மீதி தவணையாக, கடைசித் தவணை எல்லாம் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட பிறகுதான். அதனால் அதை நம்பி இப்போது கடன் வாங்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் பெற்றதால் எனக்குப் பிள்ளைப் பெட்டகமும் கொடுத்தார்கள். துண்டு, உடை, குட்டி மெத்தை, கொசுவலை, சோப்பு, நகவெட்டி, எனக்கு லேகியம் என 16 பொருள். இதையெல்லாம் முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தால் இரட்டைச் செலவு. வீட்டுக்குத் திரும்ப 102க்குச் சொன்னால் வண்டியும் இலவசம். தனியாரில் பார்ப்பவர்களைக் குறை சொல்லவில்லை. அவரவர் நிலைமை.

கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்றால் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒரு காலம் ஆறு மாதம்) 70 நாள் பங்களிப்பு இருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, அதில் எட்டு வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். நான் காண்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவள், எனக்கு அது கிடையாது. அதே கட்டடத்தில், அதே மிஷினில், கம்பெனி ரோலில் இருந்தவளுக்கு உண்டு.

வாங்கவே கூடாதது: வாக்கர். கனடாவில் 2004இலேயே தடை செய்துவிட்டார்கள், வாசற்படியில் உருண்டு விழுவதால். புட்டியும் பால் பவுடரும் டாக்டர் சொன்னால் தவிர வேண்டாம், ஆறு மாதத்துக்கு தாய்ப்பால் மட்டும்தான். கடுகுத் தலையணையும் தேவையில்லை. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பவுடர் சோப்புப் பெட்டி கொண்டுவருவார்கள், எங்களுக்கு வந்த பவுடர் அவருக்குத்தான் ஒரு வருடம் ஓடியது.

நீங்கள் கணவரா மனைவியா என்று கேள்வியில் இல்லை. கணவர் என்றால், அணைத்துணி அலசுவதை இப்போதே உங்கள் வேலையாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அவர்தான் அலசினார், குழாயடியில் எல்லாரும் பார்க்க.