எஃப்பிஜிஏ போர்டில் ஈத்தர்நெட்: கேட்டவையும் பதில்களும்

எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சுற்றை நாமே வடிவமைத்து ஏற்றும் சிப்) போர்டில் ஈத்தர்நெட் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் யூடிபி (போய்ச் சேர்ந்ததா என்று உறுதி கேட்காமல் பாக்கெட் அனுப்பும் முறை) என்பதை மனதில் வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். ஆர்வத்துக்காகச் செய்கிறவர்களுக்கு அது தாராளமாகப் போதும்.

என் போர்டில் ஈத்தர்நெட் கிடையாது, வெறும் பின்கள்தான். டபிள்யூ5500 மாட்யூல் வாங்கவா, லான்8720 வாங்கவா?

இரண்டும் செய்யும் வேலை வேறு. டபிள்யூ5500-க்குள் டிசிபி/ஐபி (இணையத்தின் அடிப்படை நெறிமுறைகள்) முழுவதும் வன்பொருளாகவே இருக்கிறது. எட்டு சாக்கெட், 32 கேபி பஃபர். நீங்கள் எஸ்பிஐ என்ற தொடர் இணைப்பு வழியாக ரெஜிஸ்டர்களை எழுதினால் போதும், சின்ன ஸ்டேட் மெஷினில் முடிந்துவிடும். சென்சார் தரவு கணினிக்குப் போனால் சரி என்றால் அதையே எடுங்கள், தயங்க வேண்டாம்.

லான்8720 வெறும் ஃபை சிப். பிட்களைக் கம்பியில் ஏற்றி இறக்குவது மட்டும்தான் அதன் வேலை. ஃபிரேம் (கம்பியில் போகும் தரவுப் பொதி), சிஆர்சி (பிழை கண்டறியும் எண்), ஏஆர்பி (ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைக் கேட்கும் முறை), ஐபி எல்லாம் உங்கள் வெரிலாகில் (சுற்றை விவரித்து எழுதும் மொழி) இருக்க வேண்டும். ஈத்தர்நெட் எப்படி ஓடுகிறது என்று கற்கத்தான் இறங்குகிறீர்கள் என்றால் இதுதான் சரியான இடம். இஎன்சி28ஜே60 என்ற இன்னொரு ஈத்தர்நெட் சிப் 10 எம்பிபிஎஸ் மட்டுமே தரும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

லான்8720 வந்துவிட்டது அண்ணா. முதலில் எதை எழுதுவது?

எம்டிஐஓ, அதாவது ஃபையின் ரெஜிஸ்டர்களைப் படிக்கவும் எழுதவும் உள்ள தனி இணைப்பு. தரவு பக்கமே போகாதீர்கள் தம்பி. எம்டிசி, எம்டிஐஓ என்ற இரண்டு கம்பிதான், கடிகாரத்தை 2.5 மெகாஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். ரெஜிஸ்டர் 2-ஐப் படித்தால் 0007 வர வேண்டும். அது வந்தால் மின்சாரம், ரீசெட், ஃபை முகவரி எல்லாம் சரி. எல்லா பிட்டும் 1 என்றே வந்தால் சிப் பதிலே சொல்லவில்லை. பெரும்பாலும் முகவரி தவறாக இருக்கும், 0, 1 இரண்டையும் முயலுங்கள்.

அடுத்து ரெஜிஸ்டர் 1-இன் பிட் 2, லிங்க் நிலை. லிங்க் ஒருமுறை விழுந்தால் அந்தப் பிட் படிக்கப்படும்வரை பூஜ்யமாகவே நிற்கும். அதனால் இரண்டு முறை படித்து, இரண்டாவதை நம்புங்கள். இன்னொன்று: லிங்க் விளக்கு எரிவதால் உங்கள் வெரிலாக் சரி என்று அர்த்தமில்லை. எதிர்முனையோடு வேகம் பேசி முடிப்பதை ஃபை தானாகவே செய்துகொள்ளும்.

ஒவ்வொரு முறை பவர் போடும்போதும் வேறு மாதிரி நடக்கிறது. சில நேரம் 10 எம்பிபிஎஸ், சில நேரம் லிங்கே இல்லை.

ரீசெட் விடும் நொடியில் லான்8720 தரவு பெறும் பக்கத்தில் உள்ள தன் ஆர்எக்ஸ்டி0, ஆர்எக்ஸ்டி1, சிஆர்எஸ்_டிவி பின்களில் இருக்கும் அளவைப் பார்த்துத்தான் தன் இயக்க முறையைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த நேரத்தில் எஃப்பிஜிஏ இன்னும் கன்ஃபிகர் ஆகாமல் இருந்தால், அந்தப் பின்களை அது எந்தப் பக்கம் இழுக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ஃபையின் ரீசெட் கம்பியை எஃப்பிஜிஏவிலிருந்தே ஓட்டுங்கள். கன்ஃபிகர் ஆனபின், அந்த மூன்று பின்களையும் உள்ளீடாக விட்டுவிட்டு ரீசெட்டை விடுவியுங்கள்.

50 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் யார் தர வேண்டும்? ஃபையா, எஃப்பிஜிஏவா?

ஃபையும் எஃப்பிஜிஏவும் பிட்களைப் பரிமாறும் ஆர்எம்ஐஐ இணைப்பு ஓடுவது இந்தக் கடிகாரத்தில்தான். இரண்டு வழியும் உண்டு. ஆனால் மாட்யூலில் 50 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் ஏற்கெனவே இருந்தால் அதையே இருவருக்கும் பொதுவாக வையுங்கள். அதை எஃப்பிஜிஏவின் கடிகாரத்துக்கென்று உள்ள பின்னில் கொண்டுவர வேண்டும். சாதாரண பின்னில் கொடுத்துவிட்டு, கருவி தரும் எச்சரிக்கையை மூடிவைப்பவர்கள் நிறையப் பேர். அப்புறம் ஒரு பில்டில் ஓடும், அடுத்ததில் ஓடாது.

போர்டிலேயே உள்ள வேறொரு 50 மெகாஹெர்ட்ஸை உங்கள் லாஜிக்குக்குப் போட்டுவிட்டு "ரெண்டும் ஐம்பதுதானே" என்று விடாதீர்கள். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டு ஆஸிலேட்டர்களின் விளிம்பு நகர்ந்துகொண்டே இருக்கும். ஆர்எம்ஐஐ பகுதி முழுவதும் ஃபையின் கடிகாரத்தில் ஓடட்டும். மற்ற லாஜிக் வேறு கடிகாரத்தில் இருந்தால் நடுவில் அசின்க்ரோனஸ் ஃபிஃபோ (இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே தரவைக் கடத்தும் வரிசைப் பஃபர்) கட்டாயம்.

கம்பியும் முக்கியம். 20 நானோவினாடிக்கு ஒரு துடிப்பு ஓடும் இடத்தில் நீள ஜம்பர் கம்பி வேலைக்கு ஆகாது. முடிந்த அளவு குட்டையாக வைத்து, கூடவே ஒன்றுக்கு மேல் கிரவுண்டு கம்பி கொடுங்கள். உங்கள் போர்டில் பிமாட் (துணை மாட்யூல் செருகும் இணைப்பான்) இருந்தால் வரைபடத்தைப் பாருங்கள்: சில பிமாட்களில் பாதுகாப்புக்காக 200 ஓம் தொடர் மின்தடை இருக்கும், வேகமான பிமாட்களில் இருக்காது. இரண்டாவதையே எடுங்கள்.

ஃபிரேம் அனுப்புகிறேன், சிமுலேஷனில் எல்லாம் சரி. வயர்ஷார்க்கில் (கணினிக்கு வரும் ஃபிரேம்களைக் காட்டும் மென்பொருள்) ஒன்றுமே தெரியவில்லை சார்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சிஆர்சி தவறான ஃபிரேமைக் கணினியின் நெட்வொர்க் கார்டு சத்தமில்லாமல் எறிந்துவிடும், வயர்ஷார்க் வரை அது வரவே வராது. நடுவில் ஸ்விட்ச் இருந்தால் பெரும்பாலும் அதுவே எறிந்துவிடும். எனவே முதலில் ஸ்விட்ச்சை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். லினக்ஸ் என்றால் ஈத்டூல் கட்டளையில் கார்டின் எண்ணிகளைப் பாருங்கள். சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறினால் நல்ல செய்தி: ஃபிரேம் போய்ச் சேர்கிறது, கணக்கு மட்டும் தப்பு.

எண்ணி அசையவே இல்லை என்றால் ஃபிரேமுக்கு முன்னால் போகும் முன்பகுதியைப் (ப்ரீஆம்பிள்) பாருங்கள். ஹெக்ஸ் 55 ஏழு முறை, பிறகு டி5 ஒரு முறை. ஒவ்வொரு பைட்டிலும் கீழ் இரண்டு பிட் முதலில் போக வேண்டும்; இதைத் தலைகீழாக அனுப்பினால் 55 என்பது 55 ஆகவே இருக்கும், டி5 மட்டும் கெடும். அலைவடிவத்தில் முன்பகுதி அழகாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகமே வராது.

சிஆர்சி தப்பு என்றால், ஃபிரேமை விட்டுவிட்டு அந்த மாட்யூலைத் தனியாகச் சோதியுங்கள். '123456789' என்ற ஒன்பது ஆஸ்கி எழுத்துகளைக் கொடுத்தால் சிபிஎஃப்43926 வர வேண்டும். தொடக்க மதிப்பில் எல்லா பிட்டும் 1, முடிவில் எல்லா பிட்டையும் புரட்ட வேண்டும், மதிப்பில் கீழான பைட் முதலில் போக வேண்டும். முன்பகுதியையும் டி5-ஐயும் கணக்கில் சேர்க்கக் கூடாது. தரவு 46 பைட்டுக்குக் குறைந்தால் பூஜ்யம் நிரப்ப வேண்டும். அந்தப் பூஜ்யங்கள் கணக்கில் சேரும். ஃபிரேம்களுக்கு நடுவே 12 பைட் நேரம் சும்மா இருங்கள்.

அனுப்புவது சரியாகிவிட்டது. ஆனால் வருகிற ஃபிரேமில் கடைசி சில பைட் காணோம்.

ஆர்எம்ஐஐயில் சிஆர்எஸ்_டிவி என்பது இரண்டு சமிக்ஞைகளை (கம்பியில் அலை இருக்கிறது, தரவு செல்லுபடியாகும்) ஒரே பின்னில் கலந்தது. ஃபிரேம் முடியும் தறுவாயில், கம்பியில் அலை நின்றுவிட்டாலும் ஃபையின் பஃபரில் இன்னும் பிட்கள் மிச்சம் இருக்கும். அப்போது அந்தப் பின் மேலும் கீழுமாகத் துடிக்கும். நீங்கள் முதல் இறக்கத்திலேயே "முடிந்தது" என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அடுத்தடுத்த இரண்டு கடிகாரத்திலும் கீழே இருந்தால்தான் முடிவு என்று மாற்றுங்கள்.

யூடிபி பாக்கெட் கணினியிலிருந்து போர்டுக்கு வரவே இல்லை.

ஏஆர்பிக்குப் பதில் சொல்கிறீர்களா? கணினி முதலில் 0806 வகை ஃபிரேமில் "இந்த ஐபி யாருடையது" என்று கேட்கும். பதில் வராமல் 0800 வகை, அதாவது ஐபி ஃபிரேமை அனுப்பாது. இப்போதைக்குக் கணினியில் நிலையான ஏஆர்பி பதிவு ஒன்றைப் போட்டுச் சோதியுங்கள். யூடிபி செக்சம்மை ஐபிவி4-இல் பூஜ்யமாக விடலாம். ஐபி தலைப்பின் செக்சம்மை விட முடியாது.

மேக் முகவரி எங்கே வாங்குவது?

வாங்க வேண்டாம். 02 என்று தொடங்கும் எதையும் வைக்கலாம், அது உள்ளூர்ப் பயன்பாட்டுக்கானது. அதே நெட்வொர்க்கில் இரண்டு போர்டு இருந்தால் எண்ணை மாற்றுங்கள்.

என் டிஇ10-நானோவில் ஈத்தர்நெட் போர்ட் இருக்கிறது, பின் பட்டியலில் காணோம்.

அந்த ஃபை உள்ளே இருக்கும் ஆர்ம் செயலியோடு இணைக்கப்பட்டது, எஃப்பிஜிஏ லாஜிக்கோடு அல்ல. ஜிங்க் (ஆர்ம் செயலியும் எஃப்பிஜிஏவும் ஒன்றாக உள்ள சிப்) போர்டுகள் பலவும் அப்படியே. அங்கே லினக்ஸில் நெட்வொர்க்கைக் கையாண்டு, நினைவகம் வழியாக லாஜிக்குக்குத் தரவைக் கொடுப்பதே சுலபம். ஆர்டி ஏ7 மாதிரி போர்டில் ஃபை நேராக எஃப்பிஜிஏவோடு இருக்கிறது. ஆனால் அதற்கு 25 மெகாஹெர்ட்ஸை நீங்கள்தான் தர வேண்டும்.

நேராக கிகாபிட் போகலாமா?

100-ஐ ஓட்டிய பிறகு போங்கள். ஆர்ஜிஎம்ஐஐயில் (கிகாபிட் ஃபைக்கான இணைப்பு) 125 மெகாஹெர்ட்ஸின் இரண்டு விளிம்பிலும் நான்கு நான்கு பிட். கடிகாரத்தைத் தரவைவிட சுமார் 2 நானோவினாடி தாமதிக்க வேண்டும். அதை ஃபைக்குள்ளேயே செய்யலாம், எஃப்பிஜிஏவின் பிஎல்எல்லில் (கடிகாரம் உருவாக்கும் பகுதி) 90 பாகை நகர்த்தியும் செய்யலாம். இரண்டு இடத்திலும் செய்துவிட்டால் மறுபடி கெட்டுவிடும். ஃபையின் டேட்டாஷீட்டில் தாமதம் இயல்பாக இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜம்பர் கம்பியில் இதை முயலாதீர்கள், ஃபை பதித்த போர்டே வேண்டும். லைட்ஈத் போன்ற திறந்த மூல ஈத்தர்நெட் வடிவமைப்பை எடுத்துப் படித்தால் இந்தத் தாமதத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்று தெரியும்.

டிசிபியை வெரிலாகில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் மறு அனுப்புதலுக்கான பஃபரும் நேரக் கணக்கும் உங்களைத் தின்றுவிடும். ஒரு சாஃப்ட் பிராசஸர் (எஃப்பிஜிஏ லாஜிக்கிலேயே கட்டிய செயலி) வைத்து எல்டபிள்யூஐபி என்ற சிறிய டிசிபி/ஐபி மென்பொருளை ஓட்டுங்கள். அல்லது யூடிபியில் ஒரு வரிசை எண் சேர்த்து அனுப்பி, தொலைந்தது எது என்று கணினிப் பக்கம் கண்டுபிடியுங்கள். நேர் கேபிளில் அதுவே பெரும்பாலும் போதும்: 1472 பைட் பாக்கெட்டாக அனுப்பினால் 100 எம்பிபிஎஸ்ஸில் 95-க்கு மேல் உங்கள் தரவே போகும்.