முழுகாமல் இருக்க எத்தனை மாதம் பொறுக்கலாம்?

பெண் நலம்: கேள்வி – பதில்

பிள்ளை தங்காத கவலையோடு வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஏழுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம். பெயர்களை விட்டுவிட்டோம், ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: கலியாணம் முடித்து மூன்று வருசம். எனக்கு 27 வயது. கணவர் கட்டாரில். இரண்டு தரம் லீவில் வந்து நாற்பது நாற்பது நாள் நின்றார். மாதவிடாய் 35 நாளுக்கு ஒருக்கால் தவறாமல் வரும். தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் 21ஆம் நாள் இரத்தம் கொடுத்தேன், ‘முட்டை வெளிவரவில்லை’ என்றார்கள். மாமி என்னில்தான் குறை சொல்கிறா. இனி எனக்குப் பிள்ளை கிடைக்காதா? (புதுக்குடியிருப்பு)

பதில்: மாமி எண்ணுவது கலியாண நாளிலிருந்து. எண்ண வேண்டியது, கணவரும் நீங்களும் சேர்ந்திருந்த மாதவிடாய்ச் சுற்றுகளை. 35 நாள் சுற்றுள்ள உங்களுக்கு நாற்பது நாள் லீவுக்குள் முட்டை வெளிவரும் நாள் ஒன்றுதான் விழும், சிலவேளை இரண்டு. இரண்டு லீவையும் கூட்டினால் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு இரண்டோ மூன்றோ. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு சுற்றில் கரு தங்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று அளவுதான். ஒரு வருசம் ஒன்றாக வாழ்ந்தால் நூறு தம்பதியரில் 80 முதல் 85 பேருக்குத் தங்கிவிடும். அந்த ஒரு வருசமே உங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இரத்தப் பரிசோதனைக்கு வருவோம். முட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த மாதவிடாய் வரை ஏறத்தாழ 14 நாள். சுற்று நீளுவதும் குறுகுவதும் பெரும்பாலும் முன்பாதியில்தான். எனவே முன்னுக்கிருந்து எண்ணாமல் பின்னுக்கிருந்து கழிக்க வேண்டும். 28 நாள் சுற்றென்றால் 14ஆம் நாள். உங்களுக்கு 35இல் 14 போக, 21ஆம் நாள். முட்டை வெளிவந்து ஒரு கிழமையில்தான், அந்தப் பரிசோதனை அளக்கிற புரோஜெஸ்தரோன் ஓமோன் உச்சிக்கு ஏறும். உங்களிடம் இரத்தம் எடுத்ததோ முட்டை வெளிவருகிற அன்றைக்கு! அன்று அது குறைவாகத்தான் இருக்கும். ‘21ஆம் நாள் ரெஸ்ட்’ என்று பெயர் வைத்ததால் வந்த வினை இது. அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னதாக, அதாவது உங்கள் கணக்கில் 28ஆம் நாள், திரும்ப எடுத்துப் பாருங்கள்.

வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணித்தியாலம் வரைதான் தாங்கும். விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும்தான் கணக்கு: உங்களுக்கு 16 முதல் 21 வரை. இரத்தம் படத் தொடங்கிய நாள்தான் முதலாம் நாள். அந்த நாட்களில் கோழிமுட்டையின் வெள்ளைக்கரு மாதிரித் தெளிவாக, விரலிடையே இழுபடும் வெள்ளை படும்; கலண்டரைவிட நம்பக்கூடிய அடையாளம் அது. அடுத்த லீவுக்கு ரிக்கற் போடுமுன் உங்கள் திகதிகளைக் கணவருக்கு அனுப்புங்கள். இரண்டு முறை முட்டை வெளிவரும் நாள் அகப்படும்படி லீவை வைத்தால் வாய்ப்பு இரட்டிப்பாகும். அவர் வந்த முதற் கிழமையிலேயே விந்துப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள்.

கேள்வி: சேர்ந்த பிறகு விந்து வெளியே வழிகிறது. அதனால்தான் தங்கவில்லையா? தலையணையில் இடுப்பை உயர்த்திப் படுக்கச் சொல்கிறார்கள். (நெடுங்கேணி)

பதில்: எல்லோருக்கும் வழியும். போக வேண்டிய விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பைக் கழுத்துக்குள் போய்விடும். தலையணை தேவையில்லை. வழுக்குத் திரவம் பாவிப்பதென்றால் கவனம், அவற்றில் பல விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும்.

கேள்வி: 24 வயது, 78 கிலோ. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால்தான் மாதவிடாய். நாடியில் முடி வளருகிறது. ஸ்கானில் சூலகத்தில் நீர்க்கட்டிகள் என்று எழுதியிருக்கு. ஒப்பரேசன் செய்து எடுக்க வேணுமோ? (மல்லாவி)

பதில்: வேண்டாம். ‘கட்டி’ என்ற சொல்தான் ஆட்களைப் பயப்படுத்துகிறது. ஸ்கானில் தெரிவது வெட்டி எடுக்கிற கட்டியல்ல. வளரத் தொடங்கி இடையில் நின்றுபோன, முட்டை உள்ள சிறு பைகள். ஒவ்வொரு மாதமும் ஒரு பை முந்தி வளர்ந்து வெடிக்க வேண்டும். இன்சுலினும் ஆண் ஓமோனும் கூடி நிற்பதால் எதுவும் முந்துவதில்லை, மாதவிடாயும் தள்ளிப்போகிறது. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஓமோன் கூடியதன் அடையாளம் (முடி, பரு), ஸ்கானில் இந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே பி.சி.ஓ.எஸ். (சூலக நீர்க்கட்டி நிலை) என்பார்கள். முதலில் தைரொயிட், புரோலக்ரின் ஓமோன்கள் இரண்டையும் பார்த்து அவற்றால் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். சீனிப் பரிசோதனையும் அவசியம்.

78 கிலோவில் 5 வீதம் என்றால் நாலு கிலோ. நாலு கிலோ குறைந்தே முட்டை தானாக வெளிவரத் தொடங்கியவர்கள் பலர். இருபது கிலோ குறைக்க வேண்டுமென்று நினைத்து ஒரு கிலோவும் குறைக்காமல் விடுவதுதான் நடக்கிறது. காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, இரவு பிட்டு என்று மூன்று நேரமும் மாச்சத்தே வயிற்றை நிரப்பினால் இன்சுலின் இறங்காது. மத்தியானச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரை, மரக்கறி, மீன், பருப்பு வையுங்கள். தேத்தண்ணியில் போடும் சீனியையும் எண்ணுங்கள். நாளுக்கு நாலு கப், கப்புக்கு மூன்று கரண்டி என்றால் பன்னிரண்டு கரண்டி.

எடை குறைந்தும் முட்டை வராவிட்டால் லெட்ரோசோல் குளிசை, வழக்கமாக மாதவிடாயின் 2ஆம் அல்லது 3ஆம் நாளிலிருந்து ஐந்து நாளுக்குத் தருவார்கள். பார்மசியில் நீங்களே வாங்கிப் போடுகிற குளிசை இல்லை இது. இரட்டைப் பிள்ளை தங்கும் வாய்ப்பு கூடும், ஸ்கானில் பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் விடவும் கூடாது. கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகும்.

கேள்வி: நான் கமக்காரன், 34 வயது. மனைவிக்கு எல்லா ரெஸ்டும் சரியென்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆண்மையில் ஒரு குறையும் இல்லை. நானும் பரிசோதிக்க வேணுமோ? (வவுனிக்குளம்)

பதில்: மனைவிக்கு ஒரு ஊசி குத்துவதற்கு முன்பே நீங்கள் பரிசோதித்திருக்க வேண்டும். உறவு கொள்ளும் திறன் வேறு, விந்தணு வேறு. முதலாவது சரியாக இருப்பவருக்கு விந்தில் ஒரு அணுவும் இல்லாமல் இருக்கலாம்; கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளை தங்காத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணம் தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கும். இத்தனைக்கும் இதுதான் எல்லாவற்றிலும் மலிவான, நோவில்லாத பரிசோதனை.

கடைசியாக விந்து வெளியேறி இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஆய்வுகூடம் தருகிற போத்தலில்தான் எடுக்க வேண்டும், ஆணுறையில் எடுத்தால் அணுக்கள் செத்துவிடும். முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தின் கையில் இருக்க வேண்டும், அதுவரை உடற்சூட்டில் வைத்திருக்க வேண்டும். வவுனிக்குளத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்க்கிற காரியமில்லை இது. ஆய்வுகூடத்திலேயே அறை கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி கீழெல்லை: அளவு 1.4 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றரில் 16 மில்லியன் அணு, அசைபவை 42 வீதம், சரியான வடிவமுடையவை 4 வீதம். நாலு வீதம் என்று கண்டு பதறாதீர்கள், அதுவே போதும். ஒரு முறை குறைந்தால் முடிவு கட்டவும் வேண்டாம். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் எடுக்கும். முந்திய மாதம் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைக்கும். மூன்று மாதம் விட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

வயலுக்கு மருந்து அடிப்பவரானால் தாங்கியைக் கவனியுங்கள். மூடி கசிந்து முதுகால் வழிந்து சாரத்தை நனைக்கும், அந்த ஈரத்தோடேயே மத்தியானம் வரை நிற்பது பலருக்குப் பழக்கம். பூச்சிகொல்லிகள் பல தோலால் உள்ளே போகும், விந்தின் தரத்தைக் கெடுக்கும். வொஷரை மாற்றுங்கள், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள், காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள், முடிந்த கையோடு குளித்து உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். சிகரெட்டும் கசிப்பும் தனிக் கணக்கு. வளர்ந்த பிறகு கூகைக்கட்டு வந்து விதை வீங்கியதா, விதைப்பையில் இரத்த நாளங்கள் புடைத்து மண்புழுக் கூட்டம்போலத் தட்டுப்படுகிறதா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: 2009இல் வயிற்றில் செல் (எறிகணை) துண்டு பட்டு ஒப்பரேசன் நடந்தது. ஒரு துண்டு இன்னும் உள்ளே இருக்கு. மாதவிடாய் ஒழுங்கு, கணவரின் ரெஸ்டும் சரி. மூன்று வருசமாகத் தங்கவில்லை. காயம்தான் காரணமோ? (விசுவமடு)

பதில்: இருக்கலாம். வயிற்றுக்குள் இரத்தமும் சீழும் தேங்கி, பிறகு ஒப்பரேசனும் நடந்தால் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருப்பைக் குழாய் மிக மெல்லியது. அதன் வெளிநுனி விரல்கள் மாதிரி விரிந்து சூலகத்தைத் தடவி முட்டையை அள்ள வேண்டும். ஒட்டுக்குள் அகப்பட்டால் அள்ளாது. மாதவிடாய் ஒழுங்காக வருவது குழாய் திறந்திருப்பதற்குச் சாட்சியில்லை. வெடித்த அப்பெண்டிக்ஸ், கருப்பைக் காசநோய், அறிகுறியே காட்டாத, உறவால் பரவும் கிளமிடியா தொற்று ஆகியவையும் குழாயை அடைக்கும்.

பார்க்க வேண்டியது எச்.எஸ்.ஜி. என்ற எக்ஸ்றே. இரத்தம் நின்றபின், 10ஆம் நாளுக்குள் செய்வார்கள்; அந்த மாதவிடாய் தொடங்கியதிலிருந்து பரிசோதனை முடியும்வரை சேரக்கூடாது. கருப்பைக் கழுத்தால் மெல்லிய குழாய் வைத்துச் சாயத்தைச் செலுத்துவார்கள். இரு பக்கமும் சாயம் வயிற்றுக்குள் சிந்தினால் வழி திறந்திருக்கிறது. மாதவிடாய் நோப்போலச் சில நிமிடம் குத்தும். ஒரு மணித்தியாலம் முன்னதாக நோக்குளிசை போடலாமா என்று கேளுங்கள். அயடீன் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கருப்பையோடு ஒட்டிய இடத்தில் ‘அடைப்பு’ என்று வந்தால் அது தசை இறுகியதாலும் தெரியலாம், அதை வைத்து மட்டும் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

எக்ஸ்றேயும் ஸ்கானும் செல் துண்டுக்குப் பாதகமில்லை. யாராவது எம்.ஆர்.ஐ. எழுதினால் உள்ளே இரும்பு இருப்பதை உடனே சொல்லுங்கள். அந்தக் காந்தம் துண்டை அசைக்கக்கூடும். இன்னொன்று: குழாய் பழுதானவர்களுக்குக் கரு குழாயிலேயே தங்குகிற ஆபத்து கூட. நாள் தள்ளிப்போனால், கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி ஆறாம் கிழமையிலேயே ஸ்கான். ஒரு பக்க வயிற்று நோவோடு இரத்தம் பட்டாலோ தலைசுற்றி விழுந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் ஆசுப்பத்திரிக்கு ஏறுங்கள்.

கேள்வி: மூத்தவளுக்கு ஆறு வயது. மூன்று வருசம் டிப்போ என்ற கருத்தடை ஊசி போட்டேன். விட்டு ஏழு மாதம், மாதவிடாயே இல்லை. ஊசி மலடாக்கிவிட்டதா? (ஒட்டுசுட்டான்)

பதில்: இல்லை. கடைசி ஊசியிலிருந்து கரு தங்க ஒன்பது பத்து மாதம் எடுப்பது சாதாரணம், சிலருக்கு ஒன்றரை வருசமும் ஆகும். முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்து முழுகாமல் இல்லையென்று பார்த்துவிடுங்கள். அடுத்த முறை இடைவெளிக்குக் கருப்பைக்குள் வைக்கும் லூப்போ கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியோ கேளுங்கள், எடுத்தவுடன் பழைய நிலைக்கு வருவீர்கள்.

கேள்வி: இடம்பெயர்வு, தம்பிமாரின் படிப்பு என்று கலியாணம் பிந்திவிட்டது. இப்ப 38. ஏழு மாதமாகிறது. ஒரு வருசம் பொறுக்கச் சொல்கிறார்கள். (செட்டிகுளம்)

பதில்: பொறுக்க வேண்டாம். அந்த ஒரு வருசக் கணக்கு 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. 35க்கு மேல் ஆறு மாதம், 40க்கு மேலென்றால் முதல் நாளே. முட்டைகள் பிறக்கும்போதே எண்ணி வைத்தவை. வயதோடு எண்ணிக்கையும் குறையும், தரமும் குறையும், கரு கலையும் வாய்ப்பும் ஏறும். சூலகத்தின் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனை குறைவாக வந்தால் அழாதீர்கள். முட்டை வளரப் போடும் ஊசிக்குச் சூலகம் எவ்வளவு இணங்கும் என்பதைத்தான் அது சொல்லும், தானாகத் தங்காது என்று சொல்லாது.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் போலிக் அசிட் குளிசை கேட்டு இன்றிலிருந்தே போடுங்கள். நாளுக்கு 400 மைக்ரோகிராமாவது உடலில் சேர வேண்டும். சலரோகமோ வலிப்புக்கு மருந்தோ இருந்தால் அளவு வேறு, வைத்தியர் எழுதித் தர வேண்டும். ரூபெல்லா ஊசி போட்டிராவிட்டால் போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் முயல வேண்டும். பிறகு கடைசி ஆறு மாதவிடாய்த் திகதிகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு, இந்தக் கிழமையே மகப்பேற்று நிபுணரின் கிளினிக்குக்குப் போங்கள்.