நிரலாளரிடம் கேளுங்கள்: கருவி, உரிமம், வேலை

சென்னை இராயபுரத்தில் ஞாயிறு மாலைகளில் கூடும் நிரலாளர் வட்டத்தில் எழுந்த கேள்விகளும் அவற்றுக்கு நான் அளித்த பதில்களும்.

கேள்வி (கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை): அண்ணா, என்னுடைய பழைய லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான் இருக்கிறது. நிரல் எழுதும் விஎஸ் கோட் எடிட்டர் திணறுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: விஎஸ் கோட் எலக்ட்ரான் என்ற கட்டமைப்பின் மீது கட்டப்பட்டது, அதைத் திறக்கும்போது உள்ளே குரோமியம் உலாவியும் சேர்ந்தே ஓடுவதால் ரேம் அதிகம் தேவைப்படுகிறது. லினக்ஸ் இயக்கமுறைமையை நிறுவி, விம் என்ற எளிய எடிட்டரைப் பழகுங்கள் அம்மா. தொடக்கத்தில் விரல்கள் தடுமாறினாலும், பிற்காலத்தில் தொலைவிலுள்ள சர்வர்களில் வேலை செய்யும்போது அந்தப் பழக்கமே கைகொடுக்கும். இதற்காகக் கடன் வாங்கிப் புதிய லேப்டாப் வாங்க வேண்டாம்.

கேள்வி (துணிக்கடை உரிமையாளர், எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை): சார், கடைக்கு பில் போடும் மென்பொருளை என் மகன் எழுதுகிறான். மாதக் கட்டணம் செலுத்தி கிளவுடில் டேட்டாபேஸ் வைக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: ஒரே கணினியில் பில் போடுவதாக இருந்தால் அவசியமில்லை. 2000ஆம் ஆண்டு வெளிவந்த எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ், யாருக்கும் உரிமக் கட்டணம் இல்லாத பொதுச்சொத்து. தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். பில் போடும் நடுவில் கரண்ட் போனாலும், பரிவர்த்தனை முழுமையாகப் பதிவாகியிருக்கும் அல்லது அறவே பதிவாகியிருக்காது. பிரதி எடுக்கும்போது மட்டும், மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கையில் கோப்பை அப்படியே நகலெடுக்காமல், அதற்கென உள்ள பேக்கப் கட்டளையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பல கவுன்டர்கள் வந்தபின் போஸ்ட்கிரெஸ் என்ற சர்வர் டேட்டாபேஸ் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி (மென்பொருள் ஊழியர், பெரம்பூர்): ஓப்பன் சோர்ஸ் (மூலநிரல் அனைவருக்கும் திறந்த) கருவியை நம்பித் தொழில் தொடங்கியபின் உரிமத்தை மாற்றிவிட்டால் என்ன செய்வது?

பதில்: நியாயமான அச்சம், அப்படி நடந்தும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில், சர்வர் கட்டமைப்பை நிரல் மூலம் அமைக்கும் கருவியான டெராஃபார்ம் தன் உரிமத்தை மாற்றியது. 2024 மார்ச்சில், டேட்டாபேஸான ரெடிஸ் மாற்றியது. ஆனால் பழைய உரிமத்தில் ஏற்கெனவே வெளிவந்த நிரலைத் திரும்பப் பெற முடியாது என்பதால், அதிலிருந்தே முறையே ஓப்பன்டோஃபு, வால்கீ என்ற தனிக் கருவிகள் கிளைத்தன. மூலநிரல் நம் கையில் இல்லாத கருவியில் இந்தப் பாதுகாப்பு இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழுவினர், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யப் பயன்படுத்திய பிட்கீப்பர் கருவியின் இலவச அனுமதி 2005இல் முடிவுக்கு வந்தபோது, அதிலிருந்து கிளைக்க வழியில்லாமல், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கிட் என்ற கருவியைப் புதிதாகவே எழுத வேண்டியிருந்தது. ஆகவே கருவியின் வசதிகளைப் பார்க்கும் முன், பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது, பராமரிப்பவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரே நிறுவனம் அனைத்தையும் வைத்திருந்து, அதன் முதலீட்டாளர்கள் லாபத்துக்குக் காத்திருந்தால், உரிம மாற்றத்தை எதிர்பார்த்தே திட்டமிடுவது என் வழக்கம்.

கேள்வி (வேலை தேடும் பட்டதாரி, வியாசர்பாடி): ஓஎம்ஆர் சாலையிலுள்ள ஐடி நிறுவனங்கள் புதியவர்களை எடுப்பது குறைந்ததற்கு ஏஐதான் காரணமா அண்ணா?

பதில்: அது ஒரு பகுதிதான் தம்பி. அமெரிக்க மத்திய வங்கி, பூஜ்ஜியத்தை ஒட்டியிருந்த வட்டி விகிதத்தை 2022 மார்ச் முதல் உயர்த்தத் தொடங்கி, 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை கொண்டுசென்றது. சாட்ஜிபிடி வெளிவந்ததோ 2022 நவம்பரில். கடன் விலையேறியதும் அங்குள்ள நிறுவனங்கள் புதிய திட்டங்களைத் தள்ளிவைத்தன. அவர்களிடம் வேலை பெறும் நம் ஊர் நிறுவனங்களையும் அது தொட்டது. ஏஐயை நானும் தினமும் பயன்படுத்துகிறேன், நீங்களும் பயன்படுத்துங்கள். ஆனால் அது எழுதித் தந்த நிரலை வரிவரியாக விளக்க முடியாதவரை அதை உங்கள் பயோடேட்டாவில் சேர்க்க வேண்டாம். நேர்காணலில் அதைப் பற்றித்தான் துருவிக் கேட்பார்கள்.