சட்டைக் காலரில் ஒரு தையல் கடை

(டெல்டா நகராட்சிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மாமனாருக்கு ஞாபக மறதி. மாசி மகத்துக்குக் கும்பகோணம் போனவர் திரும்பி வரவில்லை. நான்கு மாதம் தேடியபின் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் அவர் படத்தைக் காட்டி, “அனாதைப் பிணம் என்று அடக்கம் பண்ணியாச்சு” என்றார்கள். இனி நாங்கள் என்ன செய்வது? (வாசகி, வலங்கைமான்)

பதில்: முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள் அம்மா. புதைத்தார்களா, எரித்தார்களா? ஸ்டேஷனில் இரண்டுக்கும் ‘அடக்கம்’ என்றுதான் சொல்வார்கள். புதைத்திருந்தால் உங்கள் வேலை பாதி சுலபம்.

பெயர் தெரியாத உடல் கிடைத்தால் போலீஸ் ஒரு வழக்கைப் பதிவு செய்யும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 174-வது பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 194 ஆகிவிட்டது. பேச்சில் இன்னும் ‘174 போட்டாச்சு’தான். அந்த வழக்கு எண்ணை வாங்குங்கள். படம், அங்க அடையாளம், உடுத்தியிருந்த துணி விவரம், பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் அந்த வழக்குக் கட்டுக்குள் இருக்கவேண்டும். அப்புறம் நகராட்சிக்குப் போய் மயானப் பதிவேட்டில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

பரிசோதனையின்போது பல்லோ எலும்போ எடுத்து வைத்திருக்கிறார்களா என்று காவல் ஆய்வாளரிடம் கேளுங்கள். இருந்தால், உங்கள் கணவரின் ரத்தத்தோடு டி.என்.ஏ. ஒப்பிட்டுவிடலாம், குழியைத் தொடவே வேண்டாம். இல்லையென்றால் போலீஸ் மனுப் போட்டு, வட்டாட்சியர் உத்தரவு வாங்கி, அவர் முன்னிலையில்தான் தோண்டவேண்டும். மயானத்துப் பக்கம் யாராவது “ஐநூறு கொடுங்க, ராத்திரியோட ராத்திரியா எடுத்துத் தர்றேன்” என்றால் நம்பாதீர்கள். யார் எலும்பு உங்கள் வீட்டுக்கு வருமோ தெரியாது.

இறப்புச் சான்றிதழுக்கு வலங்கைமானில் அலையாதீர்கள். உடல் எங்கே கிடைத்ததோ அந்த ஊரில்தான் பதிவு. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, நகரத்தில் பொது இடத்தில் கிடந்த உடலைப் பற்றிப் பதிவாளருக்குத் தகவல் கொடுக்கவேண்டிய பொறுப்பு அந்த ஸ்டேஷன் அதிகாரிக்கு உண்டு. ஆகவே ‘பெயர் தெரியாத ஆண்’ என்று ஒரு பதிவு ஏற்கெனவே இருக்கும். புதிதாகப் பதியக் கேட்காதீர்கள். அதே சட்டத்தின் 15-வது பிரிவில் அந்தப் பதிவைத் திருத்தக் கேளுங்கள். போலீஸ் அறிக்கை இல்லாமல் எந்தப் பதிவாளரும் பேனாவைத் திறக்கமாட்டார். அதில் தப்பும் இல்லை.

புதைத்தார்களா என்று நான் முதலில் கேட்டதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஐப்பசி மாதம், ஆற்றில் ஒதுங்கிய ஓர் இளைஞனின் உடல் என் பொறுப்புக்கு வந்தது. அடைமழை. நம் வண்டல் மண்ணில் அந்த மாதத்தில் மூன்றடி வெட்டினால் ஊற்று எடுக்கும். குழி நிரம்பிக்கொண்டே இருந்தது. “எரிச்சிடலாம் சார்” என்றார்கள், சரி என்றேன். துணியையும் கூடவே போட்டுவிட்டோம். இருபது நாள் கழித்துப் பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, பையனின் பள்ளிக்கூடப் படத்தோடு வந்தார். என்னிடம் இருந்தது ஒரு வரி: ‘ஆண், சுமார் 25, எரியூட்டப்பட்டது.’ அந்தச் சட்டையாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. சாம்பல் கேட்டார். அதற்குள் அதே மேடையில் ஏழெட்டு உடல்கள் எரிந்திருந்தன. அவன்தானா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

அதற்கப்புறம் எந்த உடல் வந்தாலும் துணியை நானே ஒருமுறை பார்ப்பேன். வேட்டி ஓரத்தில் சலவைக்காரர் போட்ட குறி இருக்கும். கையில் பச்சை குத்தியிருக்கும். சட்டைக் காலரின் உட்பக்கம் தையல் கடைக்காரர் துணிச்சீட்டு ஒன்றை வைத்துத் தைத்திருப்பார். பேருந்து நிலையத்தில் இறந்துகிடந்த ஒரு பெரியவரின் காலரில் கடைப் பெயர் வெளுத்துப்போய், ‘முத்துப்பேட்டை’ மட்டும் தெரிந்தது. போலீஸிடம் சொல்லிவிட்டு அதைக் கத்தரித்துப் பதிவேட்டிலேயே பசை தடவி ஒட்டிவைத்தேன். எங்கள் அலுவலக உதவியாளருக்கு மாமனார் வீடு முத்துப்பேட்டை. தீபாவளிக்குப் போனவர், மறக்காமல் ஒவ்வொரு தையல் கடையாகக் கேட்டிருக்கிறார். மூன்றாவது கடையில், “இது நம்ம சீட்டுதான். ஒரு கை கொஞ்சம் குட்டையா தைக்கச் சொல்வாரே, அவரா?” என்று கேட்டாராம் கடைக்காரர். மகன் வந்தார். குழிமேட்டைப் பார்க்கவில்லை. சான்றிதழ் எத்தனை நகல் கிடைக்கும் என்றுதான் கேட்டார். பட்டா மாற்றவேண்டுமாம். அதுவும் தேவைதானே.

கேள்வி: இப்படிப்பட்ட உடல்களுக்கு யார் செலவு செய்கிறார்கள்? அரசு பணம் தருகிறதா? (வாசகர், திருவையாறு)

பதில்: இடமும் குழியும் உள்ளாட்சியின் பொறுப்பு. துணி, மாலை, ஊதுபத்தி, வண்டி, குழி வெட்டுபவருக்கு மேல்கூலி ஆகியவற்றை நான் பார்த்தவரையில் பெரும்பாலும் அந்தப் ‘பாடி’யோடு வந்த காவலர்தான் கையிலிருந்து போடுவார். பில் எழுதினால் எப்போது வரும் என்று அவருக்கே தெரியும். உள்ளூர்த் தொண்டர்கள் யாராவது இருந்தால் போன் போடுவார். டெல்டாவில் நல்லவேளையாக ஊருக்கு ஒருவராவது அப்படி இருக்கிறார்.

செலவுக்குப் பயந்து நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் திறந்து தண்ணீர் ஓட ஆரம்பித்தால் உடல்கள் மதகு ஷட்டரில் வந்து சிக்கும். ஷட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் இன்னொன்று. விடிவதற்குள் மூங்கில் கழியால் ஒரு தள்ளு. மறுநாள் காலை அடுத்த ஊர் எல்லையில் அதே உடல், அதே கட்டம் போட்ட கைலி. எந்த ஊர் என்று எழுதமாட்டேன்.

கேள்வி: அனாதைப் பிணங்களையெல்லாம் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுவார்களாமே? (வாசகர், நன்னிலம்)

பதில்: எல்லாவற்றையும் அல்ல. 1951-ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டம் இருக்கிறது. மருத்துவமனையில் இறந்து, உரிய நாளுக்குள் யாரும் கேட்டு வராத உடலை மாணவர்கள் படிப்பதற்குக் கொடுக்கலாம். தெருவிலும் ஆற்றிலும் கிடைப்பவற்றுக்குப் பிரேதப் பரிசோதனை நடந்துவிடும். அறுத்த உடல் பாடத்துக்கு அவ்வளவாக உதவாது, அது நேரே எங்களிடம்தான் வரும்.

கேள்வி: எங்கள் தெருவில் தனியாக இருந்த பாட்டி இறந்துபோனார். சொந்தக்காரர்கள் இருந்தும் “எங்களால் முடியாது” என்று விட்டுவிட்டார்கள். நாங்களே வசூல் செய்து எடுத்தோம். அரசு உதவி எதுவும் கிடையாதா? (வாசகி, மன்னார்குடி அருகே ஒரு கிராமம்)

பதில்: யாருமில்லாத உடலுக்காவது ஒரு வழக்கு எண், ஒரு காவலர் உண்டு. ஏழை வீட்டு உடலுக்கு அதுவும் கிடையாது. மருத்துவமனைப் பிணவறையில் “எங்களுக்கு வேண்டாம், ஆட்சேபணை இல்லை” என்று எழுதிக்கொடுத்துவிட்டு வாசலில் நின்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாசம் இல்லாமல் இல்லை, பாடை கட்டக் காசில்லை.

அரசு மருத்துவமனையில் இறந்தால் 155377-க்குப் போன் செய்யுங்கள், இலவச அமரர் ஊர்தி வரும். மருத்துவமனை வாசலில் நிற்கும் தனியார் வண்டிக்காரர் இதைச் சொல்லமாட்டார். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில் சம்பாதித்தவர் 18 முதல் 59 வயதுக்குள் இறந்திருந்தால் தேசிய குடும்ப நல உதவித் திட்டத்தில் 20,000 ரூபாய் உண்டு. பாட்டிக்கு அது பொருந்தாது. பொருந்துகிற வீட்டுக்கும் அன்றைக்கே கைக்கு வராது. வறட்டி, மூங்கில் கடனை அடைக்க உதவும், அவ்வளவுதான்.

சுடுகாடு ஊராட்சியின் கடமை. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், 110-வது பிரிவு. கிராமசபையில் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கூடவே பாதையையும் கேளுங்கள். சம்பா நட்ட வயலில் முழங்கால் சேற்றில் இறங்கி, வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் பாடையைத் தூக்கிப் போகிற ஊர்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. அது எந்தத் தெருக்காரர்களின் சுடுகாடு என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: சுனாமி நேரத்தில் நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தீர்களா? கொள்ளைநோய் பயம் இருந்ததா? (வாசகர், சீர்காழி)

பதில்: பார்த்தேன். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பல ஊர்ப் பணியாளர்களை அனுப்பினார்கள். நோய் பரவும், சீக்கிரம் மூடுங்கள் என்று எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். நானும் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு ஓடினேன். இயற்கைச் சீற்றத்தில் இறந்தவர்களின் உடலால் பொதுவாகக் கொள்ளைநோய் வராது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பிற்பாடுதான் படித்தேன். அடையாளத்துக்கு முகங்களைப் படம் எடுக்க இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

கேள்வி: அனாதைப் பிணத்தை எடுத்துப்போட்டால் அசுவமேத யாகம் செய்த புண்ணியம் என்கிறார்களே, வெட்டியானுக்குத்தானே அது போய்ச் சேரும்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கிண்டலாகக் கேட்கிறீர்களோ என்னவோ. நான் மயானப் பணியாளர் என்றே சொல்வேன். என்னோடு பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர் ஒருவர், யாருமில்லாத உடலைக் குழியில் இறக்குமுன் மடியிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து வாயில் போடுவார். “இது எந்தக் கணக்குல?” என்று ஒருமுறை கேட்டேன். “ரேஷன் அரிசிதான் சார், வீட்டுல சொல்லிட்டுதான் எடுத்தாந்தேன்” என்றார்.