கெவுர்ஸ்ட்ராமினர் ஒயினில் ரோஜா எசன்ஸ் கலக்கிறார்களா?

நண்பர் பிரான்சிலிருந்து கொண்டுவந்த கெவுர்ஸ்ட்ராமினர் என்கிற வெள்ளை ஒயினைத் திறந்ததும் அறை முழுக்க ரோஜாவும் லிச்சிப் பழமும் மணந்தது, ஆனால் வாயில் வைத்தால் இனிப்பே இல்லை, பெயருக்கு வேறு மசாலா என்று பொருள் சொல்கிறார்கள், அப்படியென்றால் ஏதாவது எசன்ஸோ மசாலாவோ கலக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கலப்பதில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்த மணம் மொத்தமும் திராட்சையினுடையது, அதிலும் பெரும்பகுதி தோலில் இருந்து வருவது. இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. மாமாவின் தோட்டத்தில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில்தான் பள்ளி விடுமுறை எல்லாம் கழிந்தது. நாங்கள் பழத்தைப் பிதுக்கி உள்சதையை மட்டும் விழுங்கிவிட்டுத் தோலைத் துப்புவோம், அதைப் பார்த்தால் மாமாவுக்குக் கோபம் வரும். "தோலை மென்னு பாருடா, வாசமெல்லாம் அதுலதான் இருக்கு" என்பார். பல வருடம் கழித்து கிழக்கு பிரான்சின் அல்சாஸ் பகுதியில் உள்ள ஸ்ட்ராஸ்பூரில் படிக்கப் போனபோது, செலவுக்குப் பணம் சேர்க்க ஒரு செப்டம்பரில் கோல்மார் பக்கம் திராட்சை அறுவடை வேலைக்குப் போனேன். ரீஸ்லிங் என்கிற இன்னொரு வெள்ளை ஒயின் திராட்சையின் வரிசைகளில் பச்சைப் பழங்களாக வெட்டிக்கொண்டே வந்து, அடுத்த சரிவில் திரும்பினால் பழம் ஒரு மாதிரி இளஞ்சிவப்பாக, செம்புக் காசு நிறத்தில், சின்னச் சின்னக் கொத்தாக இருந்தது. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுத் தோலை மென்றேன். பன்னீர் வாசம். அப்படியே மாமா தோட்டம். அதுதான் கெவுர்ஸ்ட்ராமினர்.

பழம் இளஞ்சிவப்பாக இருந்தும் ஒயின் ஏன் வெள்ளை என்றால், நிறம் தோலில் மட்டும்தான், உள்ளே இருக்கும் சாறுக்கு நிறம் இல்லை. பிழிந்ததும் தோலைப் பிரித்துவிடுகிறார்கள். ஆனாலும் நல்ல கெவுர்ஸ்ட்ராமினரைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் மற்ற வெள்ளை ஒயின்களைவிடக் கொஞ்சம் அடர்ந்த பொன்னிறமாகவே தெரியும்.

சரி, ரோஜா எப்படி உள்ளே வந்தது? ரோஜா எண்ணெயில் இருக்கும் ஜெரானியால், சிட்ரோனெல்லால், ரோஸ் ஆக்சைடு ஆகிய சேர்மங்களை இந்தத் திராட்சைக் கொடியும் தானாகவே உருவாக்குகிறது. டெர்பீன் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. மஸ்கட் வகைத் திராட்சைகளிலும் டெர்பீன்கள் நிறைய உண்டு, ஆனால் அங்கே லினலூல் என்கிற இன்னொன்று மேலோங்கி நிற்பதால் மணம் பூவும் ஆரஞ்சுமாகப் போகும், இங்கே ரோஸ் ஆக்சைடு முன்னால் வந்து நிற்கிறது. லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். லிச்சி மணப்பதாக நீங்கள் சொன்னது வெறும் கற்பனை இல்லை. 1999இல் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் லிச்சிப் பழத்தையும் இந்த ஒயினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பகுத்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் பொதுவான மணப் பொருள்கள் பல இருந்தன, இரண்டிலும் ரோஸ் ஆக்சைடு முக்கிய இடத்தில் இருந்தது. இன்னொரு விஷயம், பழத்தில் இந்தச் சேர்மங்களில் பெரும்பகுதி சர்க்கரை மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு மணமே இல்லாமல் பூட்டிக் கிடக்கும். நொதிக்கும்போதும் அதற்குப் பிறகும்தான் அந்தப் பூட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. சில சமயம் பழத்தைவிட ஒயின் அதிகம் மணப்பது இதனால்தான்.

பெயரில் உள்ள 'கெவுர்ஸ்' ஜெர்மன் மொழியில் மசாலாதான், ஆனால் இங்கே மணமுள்ளது என்கிற அர்த்தத்தில் வருகிறது. 'ட்ராமினர்' என்றால் ட்ராமின் ஊர்க்காரன். ட்ராமின் இன்றைக்கு இத்தாலியின் வடக்கு ஓரத்தில், தெற்கு டைரோலில், ஜெர்மன் பேசும் ஒரு கிராமம். ட்ராமினர் என்பது ஐரோப்பாவின் மிகப் பழைய திராட்சைகளில் ஒன்று, பிரான்சின் ஜூரா பகுதியில் சவாஞான் என்று அழைப்பதும் இதைத்தான். சோவின்யோன் பிளாங் என்கிற பிரபலமான வெள்ளை ஒயின் திராட்சையே இதன் பிள்ளை என்று மரபணுச் சோதனை சொல்கிறது. இந்தப் பழைய கொடி முதலில் பச்சைப் பழம் காய்த்தது, எப்போதோ ஒரு கிளையில் மாற்றம் வந்து தோல் சிவந்தது, அப்புறம் இன்னொரு மாற்றத்தில் மணம் வந்தது. நடுவில் நின்றுபோன வடிவம், அதாவது தோல் சிவந்தும் மணம் வராத கொடி, அல்சாஸில் ஹைலிகன்ஸ்டைன் என்கிற ஊரில் இன்னும் பயிராகிறது. கிளெவ்னர் என்று பெயர். குடித்துப் பார்த்தேன், நல்ல ஒயின்தான், ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் இரண்டும் சொந்தக்காரர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பெயரில் உள்ள ஊர் இத்தாலியில் இருந்தாலும் இந்தத் திராட்சைக்குப் புகழ் வாங்கிக் கொடுத்தது அல்சாஸ்தான். ரைன் நதிக்கும் வோஜ் மலைக்கும் நடுவே வடக்கு தெற்காக நீளும் ஒரு பட்டை நிலம். மேற்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலை தடுத்துவிடுவதால் கோல்மார் பிரான்சிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் நகரங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவமழையைக் கேரளப் பக்கமே கொட்டிவிட்டு, மிச்சத்தை எங்கள் பக்கம் அனுப்பும் மலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. கோடை முடிந்த பிறகும் நீளும் அந்த வறண்ட, வெயிலுள்ள இலையுதிர் காலம்தான் கெவுர்ஸ்ட்ராமினருக்குத் தேவை. பழம் கொடியிலேயே நின்று நிதானமாகப் பழுக்கும். சுண்ணாம்பு கலந்த களிமண் இதற்கு நன்றாகப் பிடிக்கும், கோல்மாருக்குப் பக்கத்தில் வின்ட்ஸன்ஹைம் ஊரின் ஹெங்ஸ்ட் சரிவு அதற்குப் பேர்போனது. அல்சாஸில் கிரான் க்ரூ என்கிற உயர்தர நிலங்கள் மொத்தம் 51, அவற்றில் ஹெங்ஸ்டும் ஒன்று.

ஆனால் வளர்ப்பவருக்கு இது லேசான பயிர் இல்லை. சீக்கிரம் துளிர்விடுவதால் வசந்தகால உறைபனி அடித்தால் முதலில் கருகுவது இதுதான். கொத்து சிறியது, மகசூலும் குறைவு. இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி அறுவடை நாளைத் தீர்மானிப்பது. இந்தப் பழத்தில் சர்க்கரை மளமளவென்று ஏறும், புளிப்பு அதே வேகத்தில் இறங்கும், ஆனால் மணம் முழுசாக வர நாள் எடுக்கும். சீக்கிரம் வெட்டினால் புளிப்பு இருக்கும், மணம் இருக்காது. மணத்துக்காகக் காத்திருந்தால் ஒயின் 14 சதவீத ஆல்கஹாலோடு, புளிப்பே இல்லாமல், எண்ணெய் மாதிரி கனமாக வந்து நிற்கும். நான் வேலை பார்த்த தோட்டத்தின் உரிமையாளர் அம்மா தினமும் காலையில் வரிசைக்குள் நடந்து, அங்கங்கே ஒரு பழத்தைப் பறித்துத் தோலை மென்று, விதையைக் கடித்துப் பார்ப்பார். சர்க்கரை அளக்கும் கருவி கையிலேயே இருக்கும், ஆனால் முடிவைச் சொல்வது அவர் நாக்குதான். "நாளை மறுநாள்" என்று நான்கு நாள் சொன்னார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் எல்லோரையும் எழுப்பிவிட்டார். பருவநிலை சூடாகிக்கொண்டே வருவதால் அந்தச் சரியான நாள்கள் இன்னும் சுருங்குகின்றன என்பதுதான் அங்கே சாப்பாட்டு மேசையில் தினமும் பேச்சு. எனக்கும் அது உண்மையிலேயே கவலை தருகிறது, ஏனென்றால் புளிப்பு போய்விட்டால் மிஞ்சுவது வெறும் சென்ட் பாட்டில்.

இப்போது இனிப்பு விஷயத்துக்கு வருகிறேன். மூக்கு ரோஜாவையும் லிச்சியையும் கண்டதும் நாக்கு இனிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். மணத்துக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் கிடையாது. ஈஸ்ட் சர்க்கரை முழுவதையும் தின்று தீர்த்துவிட்டால் மணம் அப்படியே இருக்க, இனிப்பு போய்விடும், உங்களுக்குக் கிடைத்தது அந்த வகை. முடிவில் நாக்கின் பின்பக்கம் ஒரு லேசான கசப்பும் தெரிந்திருக்குமே? அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, அந்தச் சிவந்த தோலிலிருந்து வருவது. எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டு விருந்துக்கு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனேன். லேபிளில் திராட்சைப் பெயரும் ஊர்ப் பெயரும் தவிர எதுவும் இல்லை. வறுத்த கோழியோடு ஊற்றினால் குலாப் ஜாமூன் பாகு மாதிரி இருந்தது, யாரும் இரண்டாவது கோப்பை கேட்கவில்லை. இந்தக் குழப்பம் பல வருடம் அல்சாஸ் ஒயின்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. 2021 அறுவடையிலிருந்து இனிப்பின் அளவை லேபிளில் போட்டே ஆகவேண்டும் என்று விதி வந்துவிட்டது. 'செக்' என்றால் இனிப்பு இல்லாதது, 'டெமி செக்' லேசான இனிப்பு, 'முவாலு' நன்றாகவே இனிப்பு, 'டூ' அதற்கும் மேலே. கடையில் வாங்கும்போது இதை முதலில் பாருங்கள்.

வேண்டுமென்றே இனிப்பாகச் செய்பவை தனி ரகம். பழத்தைக் கொடியிலேயே விட்டுத் தாமதமாக அறுப்பதை 'வந்தாஞ்ச் தார்திவ்' என்றும், பூஞ்சை பிடித்துச் சுண்டிய பழங்களை மட்டும் பொறுக்கிச் செய்வதை 'செலக்ஸியோன் த கிரென் நோப்ள்' என்றும் சொல்கிறார்கள், இரண்டுக்கும் 1984இல் சட்டப்படி வரையறை வந்தது. பூஞ்சை என்றதும் முகம் சுளிக்கவேண்டாம், போட்ரைடிஸ் என்கிற அந்தப் பூஞ்சை தோலில் நுண்ணிய துளை போட்டுத் தண்ணீரை வெளியேற்றி, சாற்றைத் தேன் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு முறை ஒரே ஒரு வாய் கிடைத்தது. ரோஜா குல்கந்து, காய்ந்த பாதாமி, இஞ்சி மரப்பா எல்லாம் வரிசையாக வந்து போயின.

ட்ராமின் கிராமத்து ஒயின்கள் பெரும்பாலும் அல்சாஸைவிட மெலிந்தவை, இனிப்பு இல்லாதவை, மலைக்காற்றின் குளிர்ச்சி தெரியும். அங்கே ஒரு கூட்டுறவு நிலையம், தாமதமாக அறுத்த பழத்தில் செய்த எப்போகாலே என்கிற ஒயினைச் சுமார் 2000 மீட்டர் உயரத்தில் உள்ள பழைய வெள்ளிச் சுரங்கத்துக்குள் ஆண்டுக்கணக்கில் வைத்து எடுக்கிறது. தெற்கு டைரோலின் பழைய தோட்டங்களில் கொடிகள் நம் ஊர் மாதிரியே பந்தலில்தான் படர்கின்றன. அதைவிட எனக்குச் சிலிர்ப்பாக இருந்த தகவல் இது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்கிற வகை. அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாண்ட்ரியா மஸ்கட், இன்னொன்று ஸ்கியாவா குரோஸா. இந்த ஸ்கியாவா அதே டைரோல் பக்கத்துத் திராட்சை. மாமாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "அந்த ஊர்ல கிலோ என்ன விலைக்குப் போகுது?" என்று கேட்டார்.

சாப்பாட்டோடு எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காரமான ஆசிய உணவுக்கு இதுதான் ஜோடி என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மிளகாய்க் காரத்தோடு 14 சதவீத ஆல்கஹால் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும், காரக் குழம்போடு நான் குடிக்கமாட்டேன். பட்டை, கிராம்பு, ஏலக்காய், இஞ்சி வாசம் தூக்கலாகவும் மிளகாய் அடக்கமாகவும் இருக்கும் குருமா, தேங்காய்ப்பால் ஊற்றிய மீன், இவற்றோடு லேசான இனிப்புள்ள வகை பிரமாதமாகப் போகும். அல்சாஸ்காரர்கள் மன்ஸ்டர் என்கிற, நாற்றம் ஊரைக் கூட்டும் பாலாடைக்கட்டியின் மேல் சீரகம் தூவிச் சாப்பிடுகிறார்கள், அந்த நாற்றத்துக்கு ஈடுகொடுக்க இந்த ஒயினின் மணத்தால்தான் முடிகிறது.

பாட்டிலில் மிச்சம் இருந்தால் மூடி குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஓரிரு நாள் தாங்கும். குடிப்பதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள், 10 அல்லது 12 டிகிரிக்கு வந்ததும் ரோஜா திரும்பவும் எழும்பி வரும்.