காலையில் நுவாங், மாலையில் வெந்நீர்க் குளம்: 220 வெள்ளி கட்டலாமா?

கேள்வி: எங்கள் தாமான் பெண்கள் எட்டுப் பேர், வாரம் இரண்டு முறை தித்திவங்சா ஏரிப் பூங்காவில் நடக்கிறோம். முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்தோம். ஒரே நாளில் குனோங் நுவாங் உச்சி, இறங்கியதும் உலு லங்காட்டில் வெந்நீர்க் குளியல். வழிகாட்டி, வேன், மதிய உணவு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 220 வெள்ளி. காலை 6.30க்குச் செந்தூலில் ஏற்றி, 8 மணிக்கு மலை அடிவாரம், 1 மணிக்கு உச்சி, 4 மணிக்குக் குளம், 6.30க்கு வீடு என்று போட்டிருக்கிறார்கள். இன்றிரவுக்குள் ஆளுக்கு 100 வெள்ளி முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். விலை நியாயம்தானா?
– செந்தூல் வாசகி

பதில்: விலை கிடக்கட்டும் அம்மா, முதலில் அந்த நேர அட்டவணையைப் பாருங்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது.

நுவாங் 1,493 மீட்டர். அடிவாரத்துப் பங்சூனில் வண்டியை நிறுத்திவிட்டு ஏற ஆரம்பித்தால், முதல் ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு வெட்டவெளியும் மேடும் பள்ளமுமாக ஒரு மண் பாதை. ஏறுகிறவர்கள் அதை 'லாங் ரோட்' என்றுதான் சொல்வார்கள். போகும்போது அலுப்பாக இருக்கும், திரும்பி வரும்போது அழுகை வரும். அது முடிகிற இடம் கெம் லோலோ என்ற முகாம், பக்கத்திலேயே ஆறு. உண்மையான ஏற்றம் அங்கேதான் ஆரம்பம். அதற்கு மேலே கெம் பாச்சாட். மலாயில் பாச்சாட் என்றால் அட்டை, பெயர் சும்மா வைக்கவில்லை. அதையும் தாண்டி புஞ்சாக் பெங்காசே என்று ஓர் உச்சி வரும். வந்துவிட்டோம் என்று உட்கார்ந்தால், இன்னும் இறங்கி ஏற வேண்டும் என்பார்கள். அதன் பிறகுதான் நுவாங்.

பழகிய கால்களுக்கே போய்வர எட்டு மணி நேரம் பிடிக்கும். ஏரிக்கரையில் நடந்து பழகியவர்களுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. 8 மணிக்குப் புறப்பட்டால் பங்சூனுக்குத் திரும்ப மாலை 6 ஆகலாம், இரவு 8ம் ஆகலாம். நமக்கு இருட்டுவது ஏழேகால், ஏழரை. அப்படியிருக்க 4 மணிக்கு எப்படிக் குளத்தில் இறங்குவீர்கள்?

இதற்கு இரண்டே விளக்கம்தான். அந்த அட்டவணையைப் போட்டவர் நுவாங் ஏறியதே இல்லை. இல்லையென்றால், உங்களைக் கெம் லோலோ வரை கூட்டிப்போய், ஆற்றில் கால் நனைத்து, படம் எடுத்துத் திருப்பிவிடப் போகிறார். இரண்டாவதில் தப்பேதும் இல்லை. உங்கள் குழுவுக்கு லோலோ நடையும் வெந்நீர்க் குளியலும் அருமையான ஒரு நாள். ஆனால் அதை நுவாங் உச்சி என்று விற்கக் கூடாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இப்படித் திசைதிருப்பும் விளம்பரத்தைத் தடுக்கிறது. "எங்கள் எட்டுப் பேரையும் எந்த இடம் வரை கூட்டிப்போவீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?" என்று வாட்சப்பில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

இப்போது விலைக்கு வருவோம். உலு லங்காட் பக்கம் டூசுன் துவாவும் சுங்கை செராயும் ஊரறிந்த வெந்நீர் ஊற்றுகள். பொதுக் குளங்களில் நுழைவுக்குக் கொடுப்பது சில வெள்ளிதான். நாசி லெமாக் பொட்டலம் உங்களாலேயே வாங்க முடியும். செந்தூலிலிருந்து பங்சூனுக்கு எண்ணெய், டோல் கணக்கு உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆக, 220 வெள்ளியில் பெரும்பங்கு எதற்கு? வழிகாட்டிக்கும் அனுமதிக்கும்தான். அந்த இரண்டும் சரியாக இருந்தால் 220 எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. அவை இல்லாவிட்டால் 50 வெள்ளியும் வீண்.

நுவாங் உலு லங்காட் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. ஏற வேண்டுமானால் சிலாங்கூர் வனத்துறையின் அனுமதி வேண்டும், கூடவே 'மாலிம் குனோங் பெர்ஹுத்தானான்' என்ற சான்றிதழ் பெற்ற மலை வழிகாட்டியும் வர வேண்டும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போனால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிடிபட்டால் "நான் பணம் கட்டித்தான் வந்தேன்" என்ற பேச்சு எடுபடாது. அனுமதித் தாளில் உங்கள் எட்டுப் பேர் பெயரும் இருக்கிறதா என்று கேளுங்கள். அடையாள அட்டை எண்ணையே கேட்காமல் ஒருவர் "பெர்மிட் எடுத்தாச்சு" என்று சொன்னால் எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிறுவனம். சுற்றுலா விற்கிறவர் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில்துறைச் சட்டத்தின்படி சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி அமைச்சின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. வேனையும் விசாரியுங்கள். சொந்தக் காடியில் காசு வாங்கிக்கொண்டு ஆளேற்றினால், சாதாரணத் தனியார் வாகனக் காப்புறுதி கைகொடுக்காது. விபத்து என்று வரும்போதுதான் அது தெரியவரும்.

முன்பணத்தைத் தனி ஆள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் கையை எடுத்துவிடுங்கள். போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடிப் பாருங்கள், புகார் வந்த கணக்கா என்று காட்டும். பணம் போன பிறகுதான் மோசடி என்று தெரிந்தால், உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்குக் கூப்பிடுங்கள். 'இன்றிரவுக்குள்' என்று அவசரப்படுத்துகிறார்களே, அதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். மலை ஓடிப்போகாது.

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான், அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். கோல குபு பாரு பக்கம் புக்கிட் கூத்து, 1,053 மீட்டர். வெள்ளைக்காரன் காலத்தில் மேலே ஓய்வில்லம் இருந்தது. இப்போது மிச்சம் ஒரு புகைபோக்கிதான், செங்கல் செங்கலாக நிற்கிறது. வழிகாட்டி என்று வந்த பையனிடம் ஆற்றைக் கடக்கும்போது பேச்சுக் கொடுத்தேன். "அங்கிள், நான் இதுக்கு முன்னாடி ஒரு தடவைதான் வந்திருக்கேன்" என்றான். நல்ல பையன், ஆனால் வழிகாட்டி இல்லை. இறங்கி வந்து வெந்நீர்க் குளத்துக்குப் போனால் தொட்டியில் பொட்டுத் தண்ணீர் இல்லை, உள்ளே ஒருவர் துடைப்பத்தோடு நிற்கிறார். கழுவும் நாளாம். எங்களைக் கூட்டிப்போனவர் முந்தின நாள் ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். உங்கள் ஆளிடமும் கேளுங்கள்: எந்தக் குளம், அன்று திறந்திருக்குமா, பெண்களுக்கு உடை மாற்ற இடம் உண்டா? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால் அவர் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறார்.

கேள்வி: ஆறு பேருக்கு 900 வெள்ளி முழுப்பணமும் கட்டியிருந்தோம். முந்தின இரவு, "மழையினால் பாதை மூடிவிட்டார்கள், பயணம் ரத்து" என்று குறுஞ்செய்தி வந்தது. பணத்தைக் கேட்டால், "திருப்பித் தரப்படமாட்டாது என்று ரசீதிலேயே இருக்கிறது, வேண்டுமானால் வேறு நாளில் வாருங்கள்" என்கிறார். எங்களுக்கு வேறு நாள் கிடையாது, என் மகன் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டான்.
– கிள்ளான் வாசகர்

பதில்: ரத்து செய்ததற்காக அவரைத் திட்டாதீர்கள், அது சரியான முடிவு. மேலே மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே 'கெப்பாலா ஆயர்', அதாவது ஆற்றில் வரும் திடீர் வெள்ளம், சட்டென்று இறங்கிவரும். 2022 டிசம்பர் 16 பத்தாங் காலி மண்சரிவில் 31 உயிர்கள் போயின. அதன் பிறகு மழைக்காலத்தில் பாதையை மூடுவதை யாரும் விளையாட்டாக நினைப்பதில்லை.

பணம் வேறு கதை. நீங்கள் விலகவில்லை, அவர்களால்தான் நடத்த முடியவில்லை. மழைக்கு யாரும் பொறுப்பில்லை, ஆனால் கொடுக்காத சேவைக்கு முழுப்பணத்தையும் வைத்துக்கொள்ளவும் முடியாது. உண்மையாகவே செலவான தொகை ஏதாவது இருந்தால், கணக்குக் காட்டி அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் முறை. வேறு நாளுக்கு மாற்றித் தருவதை நீங்கள் ஏற்கலாம், ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரசீதில் அச்சடித்திருப்பதாலேயே எல்லாம் சட்டமாகிவிடாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகளைப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எதிர்க்க முடியும்.

14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள், வாட்சப் போதும். பதில் இல்லையென்றால் 'திரிபுனல் துந்துத்தான் பெங்குனா', அதாவது பயனீட்டாளர் நடுவர் மன்றம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் தேவையில்லை, எதிர்த்தரப்பும் வக்கீலோடு வந்து நிற்க முடியாது. ரசீது, விளம்பரத்தின் படம், அந்த ரத்துச் செய்தி மூன்றையும் இப்போதே அச்செடுத்து வையுங்கள். விளம்பரம் நாளைக்கே காணாமல் போகலாம். என் அனுபவத்தில், மனு எதிர்த்தரப்பின் கைக்குப் போனதும் பாதிப் பேர் அழைப்பெடுத்து, "சார், பேசி முடிச்சுக்கலாமே" என்பார்கள்.

கேள்வி: ஏறுவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். "எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல" என்று இருக்கிறது. போட்டுவிட்டால் எல்லா உரிமையும் போச்சா?
– ராவாங்

பதில்: போகாது. சேவையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்பது சட்டம் கொடுக்கும் உத்தரவாதம். அதைக் கையெழுத்தால் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒன்று: உடற்காயம், மரணம் சம்பந்தப்பட்ட இழப்பீட்டை மேலே சொன்ன நடுவர் மன்றம் விசாரிக்காது. அதற்குச் சிவில் நீதிமன்றம்தான், வக்கீல்தான், வருடக் கணக்குத்தான். அதனால் அந்தத் தாளைவிட, குழுவுக்கு விபத்துக் காப்புறுதி எடுத்திருக்கிறார்களா என்பதைக் கேளுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 67 வயது, இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் இருக்கிறது. நாங்கள் மலை ஏறும் நேரத்தில் அவரை வெந்நீர்க் குளத்தில் உட்கார வைத்துவிட்டுப் போகலாமா? மூட்டுவலிக்கு நல்லதென்று ஆசைப்படுகிறார்.
– பூச்சோங் வாசகி

பதில்: தனியாக வைத்துவிட்டுப் போகவே வேண்டாம். இனிப்பு நீர்க்காரர்களுக்குப் பாதத்தில் சூடு உறைக்காமல் போவது உண்டு. நமக்குச் சுள்ளென்று படும் தண்ணீர் அவருக்கு இதமாக இருக்கும், மாலையில் காலில் கொப்புளம் இருக்கும். ஊற்று பொங்கும் தொட்டியை விட்டுத் தள்ளி, ஆறிய தொட்டியாகப் பாருங்கள். நீங்கள் கையை, அதுவும் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே அவர் கால் வைக்கட்டும். பத்து நிமிடம் போதும். சுடுநீரில் இரத்தக் குழாய் விரிந்து அழுத்தம் இறங்கும், அழுத்த மாத்திரையும் போட்டிருந்தால் எழுந்திருக்கும்போது தலை சுற்றும். மாத்திரை மாற்றமா, போகலாமா என்பதை அவருடைய டாக்டர் சொல்லட்டும், கடிதம் படிக்கிற நான் சொல்லக் கூடாது.

இளையவர்களுக்கும் இதே கதைதான். எட்டு மணி நேரம் வியர்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமல் நேராகச் சுடுநீரில் இறங்குவது மயங்கி விழுவதற்கான வழி. அரை மணி நேரம் உட்கார்ந்து, குடித்து, ஏதாவது சாப்பிட்டு அப்புறம் இறங்குங்கள். அட்டை கடித்த இடம் வெந்நீர் பட்டால் மறுபடி ஒழுக ஆரம்பிக்கும், கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தலையை மட்டும் முக்க வேண்டாம். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். அரிதுதான், வந்தால் பிழைப்பது அதைவிட அரிது.

கேள்வி: நாங்கள் பட்டர்வொர்த். இதற்காகக் கோலாலம்பூர் வரை போக வேண்டுமா?
– பினாங்கு வாசகர்

பதில்: எதற்கு? கெடாவில் பாலிங் இருக்கிறதே. குனோங் பாலிங் சுண்ணாம்புக்கல் மலை, நுவாங் மாதிரி முழுநாளையும் விழுங்காது. ஆனால் பாறை கூர்மையானது, கையுறை எடுத்துப்போங்கள். அதே வட்டாரத்தில் உலு லெகோங் வெந்நீர் ஊற்று. மலையும் குளமும் உண்மையிலேயே ஒரே நாளில் இங்கே அடங்கும். விடியும் முன் பட்டர்வொர்த்தில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே குளத்தில் கால் வைக்கலாம். பாதை தெரிந்த உள்ளூர் வழிகாட்டிக்கு மட்டும் காசு கொடுங்கள், வேனுக்கும் பொட்டலச் சோற்றுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.